மூக்கு மருந்து

காவக்கெண்டைகள் கூட்டைக் கைவிடத் தொடங்கிய மூன்றாவது வாரக் கடைசியில், பரிசல்காரர் மாதையன் தன் கடைசி மகளின் உச்சந்தலையை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். மீன் கூட்டை விட்டதற்கும் மனிதர் வீட்டை விட்டதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது அணைக்கரை ஊரான கருமலையில் தனக்கு மட்டுமே தெரியும் என்று மீன் ஆய்வாளர் சங்கமித்ரா அப்போது நினைத்திருந்தாள்.

காவக்கெண்டை இந்த மண்ணின் மீன் இல்லை. ஐம்பதுகளின் பெரும் வறட்சியில் அணையின் பழைய மீன்கள் எல்லாம் செத்து மிதந்தபிறகு, கருமலை மீன் ஆய்வு நிலையம் வெளிநாட்டு ஏரி ஒன்றிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. பெயர் வைத்தவர்கள் பரிசல்காரர்கள். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் ஆண்மீன் வாலால் சரளைக்கல்லைத் தள்ளிக் குழி பறிக்கும். பெண்மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் ஆணின் வேலைதான். முட்டைகளுக்கு மேலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டு, நத்தையை விரட்டி, ஆமையை விரட்டி, இரை எடுக்காமல், குஞ்சு பொரித்து நீந்திப்போகும்வரை காவல் காக்கும். அதனால் காவக்கெண்டை.

ஆனால் எல்லா ஆண்களும் காவல் காப்பதில்லை. சில ஆண்கள் வளரவே வளராது. விரல் நீளத்திலேயே பருவத்துக்கு வந்து பாசிக்குள் ஒளிந்திருக்கும். பெண்மீன் முட்டையிடும் அந்த ஒரு நொடியில் அம்புபோல உள்ளே பாய்ந்து தன் விந்தைக் கலந்துவிட்டு ஓடிவிடும். இன்னும் சில ஆண்கள் பெண்மீனின் நிறத்தையே போர்த்திக்கொண்டு மெதுவாக ஜோடிக்கு நடுவில் வந்து நிற்கும். காவல்காரன் அதையும் ஒரு பெண் என்று நம்பி இடம்விடும். முதல் வகைக்குச் சந்துக்காரன் என்றும் இரண்டாவதற்குச் சேலைக்காரன் என்றும் மாதையன் பெயர் வைத்திருந்தார். சங்கமித்ரா தன் ஆய்வுக் குறிப்பேட்டிலும் அந்தப் பெயர்களையே எழுதிவந்தாள்.

சிக்கல் இதுதான். சந்துக்காரன் பெற்றதும் சந்துக்காரனாகவே வளர்ந்தது. வருடத்துக்கு வருடம் வலையில் விரல் நீளத்து மீன்கள் கூடி, முழ நீளத்து மீன்கள் குறைந்தன. அணையை நம்பி இருநூறு குடும்பங்கள் இருந்தன. ஆகவே ஒரு வழி தேடச் சொன்னார்கள். சங்கமித்ரா ஆறு வருடம் உழைத்து ஒரு மருந்து கண்டுபிடித்தாள். அது காவல்காரனின் மோப்பத்தைக் கூராக்கும். எந்த முட்டை தன்னுடையது, எது அயலானுடையது என்று அதற்குத் தெரிந்துவிடும். அயல் முட்டைகளைத் தின்றுவிட்டுத் தன்னுடையதை மட்டும் காக்கும். இரண்டே தலைமுறையில் அணை முழுக்கப் பெரிய மீன்கள். நிலையத்துத் தொட்டியில் அப்படித்தான் நடந்தது. ஊர்க்காரர்கள் அதை மூக்கு மருந்து என்றார்கள். மாசி மாதத்தில், மெல்லக் கரையும் கட்டிகளாக்கி அணையின் வடக்கு விரிகுடா முழுக்கப் போட்டார்கள். மீன்களைத் தவிர வேறெதற்கும் அது உறைக்காது என்று எலிகளிலும் குரங்குகளிலும் பார்த்திருந்தார்கள். அவற்றில் எதுவும் வாய்திறந்து பேசாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பங்குனியில் மீன்கள் கூடு கட்டின, முட்டையிட்டன. பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டைவிட்டுப் போயின. அயல் முட்டைகளைப் பொறுக்கித் தின்னவில்லை. குழிக்கு மேலே குனிந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, மொத்தத்தையும் விட்டுவிட்டு ஆழத்துக்குள் இறங்கின. கைவிடப்பட்ட முட்டைகளில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. தினமும் காலையில் மாதையன் பரிசலைச் சுற்றவிட்டு நிறுத்த, சங்கமித்ரா காமிராவை இறக்கி வெறும் குழிகளை எண்ணினாள்.

மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை, அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் மாதையன் கேட்டார்.

“ஏனுங்க மேடம், மனுசனுக்குத் திடீர்னு மோப்பம் கூடுமுங்களா?”

அவருக்கு நாற்பத்தைந்து வயது. அளந்து பேசுகிற மனிதர். மனைவி பெருமாயி, மூன்று பெண்கள். கடைசிப் பெண் ரஞ்சுவுக்கு ஒன்பது வயது. சங்கமித்ராவின் கணவன் இளம்பரிதியிடம்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படித்தாள். ஒரு வாரமாகத்தான் இப்படி இருக்கிறது என்று மாதையன் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே தலையிலிருந்து ஒரு வாசம் வருகிறதாம்.

“பெரியவ தலையிலயும் நடுவுலவ தலையிலயும் வேகவெச்ச கடலையாட்டம் வாசம் வருதுங்க. எங்கய்யன் சட்டையில அந்த வாசம் இருக்கும். ரஞ்சு தலையில மட்டும் ஒண்ணுமே வரலீங்க.”

சங்கமித்ராவுக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கும் மோட்டார் வடக்கு விரிகுடாவில்தான் இருந்தது. ‘அண்ணா, அது உங்க மூக்கு இல்ல, எங்க மருந்து’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததும் அவளுக்கு மகன் ஆதனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆதனுக்கு ஆறு வயது. இளம்பரிதிக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி என்கிற புட்டாளம்மை வந்திருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துப் பரிசோதனை செய்தபோது, அவனுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பே இல்லை என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, முகம் தெரியாத ஒருவரின் விந்தை வாங்கி, ஆதனைப் பெற்றாள். அவன் மனது நோகக்கூடாது என்றுதான் செய்தாள். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகிப்போனது.

மருந்தால் மனிதருக்குப் பாதிப்பு என்று தெரிந்தால் ஒரே நாளில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அடுத்த வாரமே பரிசோதனைக் குழு வரும். தகப்பனையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து ரத்தம் எடுப்பார்கள். நிலையத்துக் குடியிருப்பும் அதில் அடக்கம். இந்த விதிகளை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.

“சளி பிடிச்சிருக்கும்ணா. ராத்திரி ஆவி பிடிங்க” என்றாள்.

மாதையன் தலையாட்டிக்கொண்டு துடுப்பைப் போட்டார்.

அன்றைக்கே தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லிக் கட்டிகளை எல்லாம் வெளியே எடுக்கவைத்தாள். கட்டி போனால் வேகம் குறையும், வாசமும் போய்விடும், யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். ஆனால் மருந்து சேற்றில் படிந்திருந்தது. சேற்றிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து குடத்துக்கும் வந்துகொண்டே இருந்தது. அவள் பதினோரு நாள் வாய்திறக்கவில்லை.

அந்தப் பதினோரு நாளில் கருமலையில் ஐந்து வீடுகள் உடைந்தன. அறுபது வயதுக்காரர் ஒருவர், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற தன் மகனைக் கோயில் வாசலில் கட்டிப்பிடித்த கையை உதறிவிட்டு நடந்தார். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. புரிந்துகொண்ட அவர் மனைவி மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. மோட்டார் போடுகிற சென்றாயன் பன்னிரண்டு வருடமாகப் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டு அடித்துவந்தவன். அவன் தன் மகனை முகர்ந்து பார்த்து, வாசம் நன்றாகவே வருகிறது என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். அவன் பெண்டாட்டி அன்று மாலையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பன்னிரண்டு வருடம் பட்ட அடிக்கு இந்த அழுகை போதாது என்று பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

மாதையன் ஆவி பிடித்தார். மூன்று ராத்திரி பிடித்தும் பெரியவள் தலையில் வாசம் வந்தது, ரஞ்சு தலையில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெருமாயி சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்தவர்தான், பையோடு போய் மீனவர் சங்கத்துக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. பெருமாயிதான் கொட்டகை வாசலில் நின்று, என்ன தப்பு செய்தேன் என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்தாள். அவர் கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். நாலாம் நாள் அவள் பெண்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு கொளத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்கள் போகிற வண்டியைச் சங்கமித்ரா நிலையத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று பிற்பகல் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். பாதிப்பு இன்றைக்குத்தான் தன் கவனத்துக்கு வந்தது என்று எழுதிக்கொடுத்தாள்.

மோட்டாரை நிறுத்தினார்கள். லாரித் தண்ணீர் வந்தது. பரிசோதனைக் குழு வந்து பள்ளிக்கூடத்திலேயே தங்கியது. குழுவுக்குத் தலைவி பெனாசிர் என்ற பெண். சங்கமித்ராவோடு ஒன்றாகப் படித்தவள், ஆனால் வேலை நேரத்தில் மேடம் என்றுதான் கூப்பிடுவாள். மருந்து ஆண்களிடம் மட்டுமே வேலை செய்வதால் முதலில் ஆண்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். யாருடைய ரத்தத்தில் மருந்து இருக்கிறதோ அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் மட்டும் அடுத்த சோதனைக்குக் கூப்பிடுவது என்று பெனாசிர் புது ஏற்பாடு செய்தாள். இரண்டாம் நாள் பெனாசிர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். “உங்க வீட்டுக்குச் சோதனை வேண்டாம் மேடம். சார் ரத்தத்துல மருந்தே இல்ல.”

சங்கமித்ரா பதினோரு நாள் பயந்தது எதற்காகவோ அது நடக்கவே போவதில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது.

அதற்குப் பிறகு வேறொன்று வெளிப்பட்டது. கைவிடப்பட்ட கூடுகளிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய முட்டைகளை, யார் யாருடையவை என்று பெனாசிர் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாக் கூட்டிலும் சந்துக்காரன் முட்டை கலந்திருக்கும், அதனால்தான் காவல்காரன் வெறுத்துப் போய்விட்டது என்று சங்கமித்ரா எழுதியிருந்தாள். ஆனால் முடிவு அப்படி வரவில்லை. கைவிட்ட நாற்பது கூடுகளில் பதினேழில் அயல் முட்டை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் காவல்காரன் பெற்றவை.

பெனாசிர் அதை விளக்கிச் சொன்னாள். “ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா வாசம் பாதி, அம்மா வாசம் பாதி. சில பிள்ளைங்ககிட்ட அம்மா பக்கம் ஓங்கி அப்பா வாசம் அமுங்கிப்போகுது. மருந்து மோப்பத்தைக் கூட்டினது நிஜம். ஆனா அமுங்கிப்போன வாசம் எந்த மூக்குக்கும் எட்டாது. தன் பிள்ளையையே அயலான் பிள்ளைன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருக்கு.”

“தொட்டியில ஏன் இப்படி நடக்கல?”

“தொட்டியில போறதுக்கு இடம் ஏது?”

மறுநாளே சங்கமித்ரா கொளத்தூருக்குப் போனாள். பெருமாயி தம்பி வீட்டுப் பின்கட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தைச் சொன்னதும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே போய் ரஞ்சுவின் சீப்பிலிருந்து முடியை உருவி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டியதில்லீங்க. யாரு புள்ளைன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? அந்த ஆளு பாக்கட்டும்.”

ரஞ்சு வெளியே வரவில்லை. கதவிடுக்கில் ஒரு பாவாடை நுனி மட்டும் தெரிந்தது.

இரண்டு நாளில் முடிவு கிடைத்தது. ரஞ்சு மாதையனின் மகள்தான், இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. சங்கமித்ரா காகிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். மதிய வெயில். தண்ணீர் வற்றிக் கரை வெடித்திருந்தது. வெறுங்குழிகள் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன. மாதையன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத் தாடி. அவள் மருந்தைப் பற்றியும், மீன்கள் ஏமாந்ததைப் பற்றியும், அமுங்கிப்போகிற வாசத்தைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் மொதல்ல வந்து கேட்டப்போ இது மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அவள் முன்னால் இருந்தது. “தெரியும்ணா” என்றாள்.

அவர் தூணைவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்குச் சளின்னீங்க. இன்னிக்கு ரஞ்சு எம்பொண்ணுங்கறீங்க. எதை நம்பறதுங்க மேடம்? என் மூக்கு எங்கிட்டப் பொய் சொல்லலியே. வராத வாசத்த வருதுன்னு நான் எப்படி நெனக்கறது?”

மருந்தின் வேகம் இரண்டு வாரத்தில் போய்விடும், அப்புறம் மூன்று பேர் தலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றாள் அவள். அவர் எழுந்து பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினார். அன்றைக்குப் பிறகு அவர் நிலையத்து வேலைக்கு வரவில்லை. பெருமாயியிடமும் சங்கமித்ரா போனில் முடிவைச் சொன்னாள். பெருமாயி எல்லாம் கேட்டுக்கொண்டு, அவரே வந்து கூப்பிட்டாலும் இனி ரஞ்சு போகமாட்டாள், யார் பக்கத்தில் வந்தாலும் தலையைக் கையால் மூடிக்கொள்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

விசாரணைக் குழுவிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. மனிதருக்கு ஏற்பட்ட பாதிப்பை முதலில் அறிந்தவர் யார், அறிந்த நாள் எது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கமித்ரா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேலை போகும், ஒருவேளை வழக்கும் வரும். ஆதன் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். இளம்பரிதி எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். ஒரே வீடு, ஒரே குழாய். அவன் ரத்தத்தில் மட்டும் எப்படி மருந்து இல்லை என்ற கேள்வி அவளுக்குள் இரண்டு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டாள்.

அவன் பேனாவை மூடி வைத்தான்.

“நான் இந்தத் தண்ணி குடிக்கல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஆழ்குழாய் இருக்குல்ல, அதுலதான் குடிச்சேன். சோறுகூட அங்கதான் சாப்ட்டேன், கவனிச்சியா?”

அவள் கவனிக்கவில்லை. அந்த நாட்களில் அவள் எதையும் கவனிக்கவில்லை.

“எப்பலேர்ந்து?”

“ஒரு புதன்கிழமை. வகுப்புல ரஞ்சு தலையில அவங்கப்பா துண்டைச் சுத்திக்கிட்டு வந்து உக்காந்திருந்தா. எடுன்னேன், எடுக்கமாட்டேன்னா. எல்லாரும் போனப்புறம் எங்கிட்ட வந்து, சார், தலையில வாசம் வரவைக்கிறதுக்கு என்ன தேய்க்கணும் சார்னு கேட்டா. அப்பா அக்காவையெல்லாம் மோந்து பாத்துச் சிரிக்கிறாரு, என்னை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாருன்னா. ராத்திரியெல்லாம் அந்தத் துண்டைச் சுத்திக்கிட்டே தூங்கினாளாம்.”

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“உன் மருந்து என்ன பண்ணும்னு நீதான் எனக்குச் சொல்லியிருக்கியே. அவ கேட்டதுமே புரிஞ்சுபோச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சோதனைக்கு ஏற்பாடு பண்ணியிருப்ப. ஆதனையும் என்னையும் சேத்து உக்கார வெச்சிருப்பாங்க.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் விடைத்தாள்களை ஒழுங்காக அடுக்கினான். “எனக்கு எதுவும் தெரியாது மித்ரா. நீயும் எதுவும் சொல்லாத. அவன் தலையில என்ன வாசம் வருதோ வரலியோ, எனக்கு வேண்டாம். ரஞ்சுகிட்ட நல்லெண்ணெய் தேய்ச்சுக்கோன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

எந்தப் புதன்கிழமை என்று அவள் கேட்டாள். அவன் தேதியைச் சொன்னான். மாதையன் பரிசலில் வைத்து அவளிடம் கேட்டதற்கு ஐந்து நாள் முன்பு.

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். அவள் படிவத்தை அருகில் இழுத்து, முதலில் அறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அறிந்த நாள் என்ற இடத்தில் மாதையன் கேட்ட அந்தத் திங்கட்கிழமையின் தேதியை எழுதினாள். மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டினாள்.